கரிசல் மண்ணும் கருவிழியும்: பூஞ்சைத் தொற்று ஆய்வுகள் காட்டும் வழி

தை பிறக்கும்போது கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் காடுகளில் உளுந்தும் பாசியும் களத்துக்கு வந்துவிடும். பின்னாலேயே மக்காச்சோளமும் கம்பும் மல்லியும் வரும். புரட்டாசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை நம்பி எடுக்கும் மானாவாரி வெள்ளாமை அது. கதிரடிக்கும் இயந்திரத்தில் செடியை அள்ளிப் போடுகிறவர், முறத்தில் தூற்றுகிறவர், மூட்டை பிடிக்கிறவர் என எல்லார் முகத்திலும் தூசி அடிக்கும். அதில் ஒரு சுணையோ உமித்துணுக்கோ கண்ணில் விழுவது அன்றாடம் நடப்பதுதான். முந்தானையால் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். பெரும்பாலானோருக்கு மறுநாளே சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் சில நாட்களில் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசி, நீர் வடியத் தொடங்கும். அதன்பின் கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புண் தெரியும். காலம் கடந்துவிட்டால் அந்தக் கண் பிழைப்பது கடினம்.

அந்தப் புண்ணுக்குக் காரணம் பல நேரங்களில் பூஞ்சை. மண்ணிலும் காய்ந்த தழையிலும் களத்துத் தூசியிலும் வாழ்கிற பூஞ்சை, சிறு கீறல் வழியாக உடலுக்குள் புகுந்து செய்யும் கேடு இது. கடந்த முப்பது ஆண்டுகளில் இந்நோயைப் பற்றி உலகம் அறிந்துகொண்டதில் பெரும்பங்கு மதுரையிலும் திருநெல்வேலியிலும் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அந்த ஆய்வுகள் எதைக் கண்டுபிடித்தன, எந்த நம்பிக்கைகளைப் பொய்யாக்கின, அவற்றின் பயன் ஊருக்குள் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். செல்லின் உயிரியலும் மருந்துச் சோதனைகளும் கிராம அளவிலான தடுப்பு ஆய்வுகளும் வெவ்வேறு திசைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. கண்ணைக் காப்பது முதல் இரண்டு மூன்று நாட்களில் நடப்பதைப் பொறுத்தது என்பதே அந்த இடம்.

நோயின் அளவு

1993இல் மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கிட்டார்கள். பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 பேர் என்று விடை வந்தது. 1980களில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர்தான். பத்து மடங்கு வேறுபாடு. 1994இன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தபோது, மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கண்ணில் அடிபட்ட பிறகே புண் வந்திருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் ஏறத்தாழ பாதியில் பூஞ்சை இருந்தது. பூஞ்சைகளில் முதலிடம் ஃபுசேரியத்துக்கு, அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸுக்கு. இரண்டுமே பயிரிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழ்பவை.

கோவில்பட்டிக்கு மிக அருகில் கிடைக்கும் பெரிய ஆதாரம் திருநெல்வேலியிலிருந்து வந்தது. அங்குள்ள அரவிந்த் மருத்துவமனைக்கு 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை வந்த 3,183 கருவிழிப் புண் நோயாளிகளைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலானவர்களுக்குப் பூஞ்சை, அதற்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பாக்டீரியா. குளிர்நாடுகளில் பூஞ்சையின் பங்கு சொற்பம். அங்கே பாக்டீரியாவும் கான்டாக்ட் லென்ஸுமே பெரும்பாலும் காரணம். தென்தமிழகத்தில் பூஞ்சை பாக்டீரியாவுக்குச் சமமாக நிற்கிறது. அதற்கு வெப்பமும் தூசியும் காரணம், வெறுங்கண்ணோடு செய்கிற வயல்வேலையும் காரணம்.

தென்னிந்தியாவில் இந்நோயின் பருவத்தை ஆராய்ந்த வேறொரு தொகுப்பு, பூஞ்சைப் புண் ஜனவரியிலும் ஜூலையிலும் உச்சம் தொடுவதைக் காட்டியது. கரிசல்காட்டு ஆளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜனவரி அறுவடைக் காலம். ஜூலையில் வீசுவது ஆனி, ஆடிக் காற்று. உழுது போட்ட புழுதி அப்போது பறக்கும். வேளாண் நாட்காட்டியும் கண் மருத்துவமனையின் வருகைப் பதிவேடும் ஒத்துப்போகின்றன என்பதால், எந்த மாதத்தில் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. இது தடுப்புத் திட்டம் போடுகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

உலக அளவில் 2021இல் வெளிவந்த மதிப்பீடு, ஆண்டுக்குக் குறைந்தது 10 லட்சத்துக்கு மேற்பட்டோருக்குப் பூஞ்சைக் கருவிழிப் புண் வருவதாகவும், அவர்களில் 8 முதல் 11 சதவீதம் பேர் கண்ணையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போவதாகவும் சொல்கிறது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும்தான் இதில் முன்னால் நிற்கின்றன. சாவுக் கணக்கில் வராத நோய், ஒரு கண்ணோடு நின்றுவிடும் நோய், ஏழைக் கூலியாட்களின் நோய் என்பதால் இதற்குக் கிடைத்த கவனம் குறைவு. 1997இலேயே கருவிழிப் புண்ணை வளரும் நாடுகளின் ஓசையில்லாக் கொள்ளைநோய் என்று மதுரை மருத்துவர் ஸ்ரீனிவாசனும் அமெரிக்க மருத்துவர் விட்சரும் எழுதியிருந்தார்கள்.

காலில் தொடங்கிய வரலாறு

மண்ணிலிருந்து வரும் பூஞ்சை நோய்க்கும் இந்த நிலத்துக்கும் உள்ள தொடர்பு மருத்துவ நூல்களில் 1842இலேயே பதிவானது. அந்த ஆண்டு மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், பாதம் வீங்கிப் பல துளைகளாகப் புண்ணாகிச் சீழோடு சிறுமணிகள் வெளிவரும் ஒரு நோயை விவரித்தார். சில ஆண்டுகளில் அது ‘மதுரைக் கால்’ என்று பெயர் பெற்றது. 1860இல் பம்பாயில் இருந்த ஹென்றி வான்டைக் கார்ட்டர் அது பூஞ்சையால் வருவது என்று கருதி மைசீட்டோமா என்று பெயரிட்டார். பிற்காலத்தில் அந்தப் பூஞ்சைக்கு மதுரெல்லா என்ற பெயரும், இதே நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரிய இனத்துக்கு ஆக்டினோமதுரா என்ற பெயரும் வந்தன. நம் ஊர்ப்பெயர் இப்படித்தான் உலக மருத்துவ அகராதியில் ஏறியது.

கருவிழிப் புண்ணும் மதுரைக் காலும் அடிப்படையில் ஒரே கதை. காலணி இல்லாத கால், முள், வறண்ட மண். உடைமுள்ளும் வேலிக்கருவையும் நிறைந்த தரிசில் ஆடு மேய்க்கிறவர் காலில் முள் தைப்பது எளிது. தைத்த முள்ளோடு மண்ணும் நுண்ணுயிரும் உள்ளே போகின்றன. வலி இல்லாமல் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வளர்வதால் ஆள் தாமதமாகவே மருத்துவமனைக்கு வருவார். பாக்டீரியாவால் வரும் வகையை மாத்திரை, ஊசியால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். பூஞ்சையால் வரும் வகை பிடிவாதமானது. ஓராண்டுக்கும் மேல் மாத்திரை தின்ற பிறகும் பலருக்கு அறுவை தேவைப்படும், சிலர் காலையே இழப்பார்கள்.

2016இல்தான் உலக சுகாதார அமைப்பு மைசீட்டோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சூடான் நாட்டின் கார்ட்டூம் நகரிலிருந்த மைசீட்டோமா ஆய்வு மையம் 2017இல் ஃபோஸ்ரவுகோனசோல் என்ற புதிய மருந்தைப் பழைய இட்ராகோனசோலோடு ஒப்பிட்டுச் சோதனை தொடங்கியது. 104 பேர் கலந்துகொண்ட அச்சோதனையின் முடிவு 2024இல் அச்சேறியது. புதிய மருந்து பழையதை விஞ்சவில்லை. ஆனால் நாள்தோறும் விழுங்க வேண்டிய மாத்திரைகளின் இடத்தில் வாரத்துக்கு ஒருமுறை போதும் என்ற வசதி கிடைத்தது. சூடானில் 2023இல் வெடித்த போர் அந்த மையத்தையும் விட்டுவைக்கவில்லை. பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகளும் பதிவுகளும் அழிந்துவிட்டதாக 2025இல் அதன் இயக்குநர் அறிவித்தார். ஏழைகளின் நோயை ஆராய்கிற இடங்கள் உலகில் மிகச் சில. அவற்றில் ஒன்று போனால் ஈடுகட்ட வேறொன்று இல்லை. மதுரையில் ஒரு ஆய்வு மரபு அறுபடாமல் நிற்பதன் அருமையை இந்தச் செய்தியோடு சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

கருவிழிக்குள் நடப்பது

கருவிழி அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒளி ஊடுருவும் திசு. இரத்தக் குழாய் கிடையாது. மேலே சில அடுக்குச் செல்களால் ஆன தோல், அதன் கீழே கொலாஜன் நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட தடித்த நடுப்பகுதி. அந்த ஒழுங்கே ஒளியைச் சிதறாமல் உள்ளே விடுகிறது. மேல்தோல் முழுமையாக இருக்கும்வரை பூஞ்சையால் எதுவும் செய்ய முடியாது. கண்ணீரும் இமையும் அதைக் கழுவித் தள்ளிவிடும். ஒரு சுணை கீறிவிட்டால் வாசல் திறக்கிறது.

உள்ளே போவது பூஞ்சையின் வித்து. ஆஸ்பர்ஜில்லஸ் வித்து மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவே இருக்கும். நெல்லை உமி மூடியிருப்பதுபோல அதை ஹைட்ரோஃபோபின் என்ற புரத உறை மூடியிருக்கிறது. இந்த உறை இருக்கும்வரை உடலின் காவல் செல்களுக்கு அந்த வித்து இருப்பதே தெரியாது என்று 2009இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நாம் ஒவ்வொரு மூச்சிலும் பூஞ்சை வித்துகளை இழுத்தும் நோயில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்ததும் வித்து ஊதி, உறை கழன்று, முளை விடுகிறது. அப்போது அதன் செல்சுவரிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி வெளியே தெரிகிறது.

கருவிழியில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்களின் மேற்பரப்பில் டெக்டின்-1 என்ற ஏற்பி உண்டு. அது பீட்டா குளுக்கானைப் பற்றிக்கொண்டதும் செல் அபாய அறிவிப்பு விடுகிறது. விளிம்பிலுள்ள இரத்தக் குழாய்களிலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரள் திரளாக உள்ளே வருகின்றன. அமெரிக்காவில் எரிக் பேர்ல்மன் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வில், டெக்டின்-1 இல்லாத எலிகளின் கண்ணுக்கு நியூட்ரோஃபில்கள் போதிய அளவு வரவில்லை. டிஎல்ஆர்-4 என்ற இன்னொரு ஏற்பி இல்லாத எலிகளில் அவை வந்துசேர்ந்தன, ஆனால் பூஞ்சையைக் கொல்ல முடியவில்லை. வரவழைக்க ஒன்று, கொல்ல இன்னொன்று என்று வேலை பிரிந்திருப்பது 2010இல் இப்படித் தெரியவந்தது.

நியூட்ரோஃபில் கொல்லும் வழிகள் பல. ஆக்சிஜனை நச்சாக மாற்றி இழைகள்மேல் கொட்டுவது ஒன்று. கால்புரோடெக்டின் என்ற புரதத்தால் சுற்றுப்புறத்திலுள்ள துத்தநாகத்தையும் மாங்கனீசையும் கவர்ந்துகொண்டு பூஞ்சையைப் பட்டினி போடுவது மற்றொன்று. பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜன் நச்சை முறிக்கும் நொதிகளைச் சுரந்து தப்பிக்கப் பார்க்கிறது. அந்த நொதி வழிகளை மரபணு மாற்றத்தால் முடக்கியபோது ஆஸ்பர்ஜில்லஸ் எலிக் கண்ணில் நிலைக்க முடியவில்லை என்று 2012இல் நிறுவினார்கள். பூஞ்சையின் தற்காப்பை முடக்கும் மருந்து என்ற புதிய சிந்தனை இங்கிருந்து பிறந்தது. எலிகளில் நல்ல பலன் கிடைத்திருந்தாலும் அது மனிதரின் கண்ணுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எலியில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா? இந்தக் கேள்விக்கு விடை மதுரையில் கிடைத்தது. தொற்றின் தொடக்கத்தில் புண்ணிலிருந்து எடுத்த மாதிரிகளையும், புண் முற்றிக் கருவிழி மாற்று அறுவை செய்யும்போது எடுத்த திசுக்களையும் லலிதா பிரஜ்னா, கார்த்திகேயன் உள்ளிட்ட அரவிந்த் ஆய்வாளர்கள் பேர்ல்மன் குழுவோடு சேர்ந்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். தொற்றின் தொடக்கக் கட்டத் திசுவில் நிறைந்திருந்தவை நியூட்ரோஃபில்களே. டெக்டின்-1, டிஎல்ஆர்-4 ஆகியவற்றின் செயல்பாடும் கூடியிருந்தது. 2015இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் சுவையானது. நோயாளிகளின் இரத்தத்திலிருந்த நியூட்ரோஃபில்களில் இன்டர்லூகின்-17 என்ற எதிர்ப்புப் புரதம் இருந்தது. அதே வட்டாரத்தில் நோயே இல்லாதவர்களின் நியூட்ரோஃபில்களிலும் அது காணப்பட்டது. காற்றிலும் மண்ணிலும் பூஞ்சையோடு நாள்தோறும் பழகுகிற மக்களின் வெள்ளணுக்கள் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கின்றனவோ என்று இந்த ஆய்வு எண்ண வைக்கிறது. அப்படியானால் அந்த ஆயத்தம் பெரும்பான்மையோரைக் காக்கிறதா, நோய் வந்தவரிடம் அழிவைக் கூட்டுகிறதா என்பது திறந்த கேள்வி.

அழிவைக் கூட்டுவது உண்மையில் நடக்கக்கூடியதுதான். நியூட்ரோஃபில்கள் விடும் நொதிகள் பூஞ்சையை மட்டும் அரிப்பதில்லை, கொலாஜனையும் கரைக்கின்றன. பூஞ்சை ஆழமாகப் போகப் போக, அதைத் துரத்தும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை கூடக் கூட, கருவிழி இளகி ஓட்டை விழுகிறது. பூஞ்சை செத்த பிறகும் ஒழுங்கு குலைந்த நார்கள் தழும்பாகி வெண்மையாக நிற்கும். பார்வையை மறைக்கும் பூ விழுவது அப்படித்தான். இதன் பொருள் தெளிவானது. மேல்தோலின் கீறலிலேயே பூஞ்சையை நிறுத்திவிட்டால் தழும்பு சிறிது. நடுப்பகுதிக்குள் இறங்கிவிட்டால் மருந்து வென்றாலும் பார்வை தோற்கலாம்.

எந்தக் கிருமி என்று அறிவது

பூஞ்சைப் புண்ணின் ஓரம் இறகுபோல் சிதைந்திருக்கும், மேடு தட்டி உலர்ந்து தெரியும், பக்கத்தில் சிறு புள்ளிகள் தோன்றும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. இந்தக் குறிகளை மட்டும் நம்ப முடியுமா? 2012இல் கருவிழி நிபுணர்களிடம் படங்களைக் காட்டிப் பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டபோது 66 சதவீதம் மட்டுமே சரியாகச் சொன்னார்கள். நிபுணருக்கே இப்படி என்றால் மருந்துக்கடையில் கண்ணைப் பார்த்துச் சொட்டு மருந்து கொடுப்பவர் எதை வைத்துச் சொல்ல முடியும்?

எளிய வழி ஒன்று பல காலமாக இருக்கிறது. கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை மெல்லிய தகட்டால் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மூடி, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். செல் குப்பைகள் கரைந்து தெளிய, கிளைவிட்டுக் குறுக்குச் சுவர்களோடு ஓடும் பூஞ்சை இழைகள் கண்ணாடிக் குழாய்கள்போல் தெரியும். சில நிமிட வேலை. விலை உயர்ந்த கருவி வேண்டாம். வேண்டியது ஒரு நுண்ணோக்கியும், சுரண்டத் தெரிந்த கையும், பார்த்துப் பழகிய கண்ணும். வளர்ப்பு ஊடகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது பல நாட்கள் எடுக்கும். அதற்குள் புண் இறங்கிவிடும்.

இப்போது கணினியும் துணைக்கு வருகிறது. அரவிந்தில் சேர்ந்த படங்களைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்று, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் பிரிப்பதில் நிபுணர்களின் சராசரியை விஞ்சியதாக 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கைபேசியில் எடுத்த படத்தை வைத்து வட்டார மருத்துவமனையிலேயே முதல் முடிவு எடுக்கும் நாள் வரலாம். அதுவரை நுண்ணோக்கிக்கு ஈடில்லை.

மருந்துச் சோதனைகளின் தீர்ப்பு

பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கான முதல் மருந்து நாட்டமைசின். தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாவிலிருந்து 1950களில் பிரித்தெடுத்தது. மண்ணின் பூஞ்சைக்கு மண்ணின் பாக்டீரியாவே மருந்து தந்தது. பூஞ்சைச் செல்லின் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்ற பொருளோடு அது ஒட்டிக்கொள்கிறது. அதே குடும்பத்து வேறு மருந்துகள் சவ்வில் ஓட்டை போடுகின்றன. நாட்டமைசின் ஓட்டை போடாமல், சத்தை உள்ளே இழுக்கும் புரதங்களின் வேலையை நிறுத்துகிறது என்று அண்மை ஆய்வுகள் கண்டன. நீரில் கரையாததால் வெண்மையான கலங்கல் சொட்டாகக் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் குப்பியைக் குலுக்கிவிட்டே விட வேண்டும். புண்ணின்மேல் வெள்ளைப் படிவாக ஒட்டி நிற்கும். ஆழத்துக்கு ஊடுருவுவது குறைவு.

இந்தக் குறை காரணமாக, 2000களில் பல மருத்துவர்களின் நம்பிக்கை வோரிகோனசோல் என்ற புதிய மருந்தின் பக்கம் சாய்ந்தது. கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும், ஆய்வகத்தில் பல பூஞ்சைகளைக் கொல்லும், விலையும் கூடுதல். எது சிறந்தது என்று முடிவு செய்ய அரவிந்த் மருத்துவமனைகளும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள பிராக்டர் அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தின. மதுரை மருத்துவர் என். வெங்கடேஷ் பிரஜ்னா முன்னின்றார். 2010, 2011 ஆண்டுகளில் 323 நோயாளிகள், யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறை. 2013இல் முடிவு வந்தது. பழைய நாட்டமைசினே வென்றது. பார்வை அட்டையில் ஏறத்தாழ இரண்டு வரி கூடுதல் பார்வை கிடைத்தது. ஃபுசேரியம் நோயாளிகளிடம் இந்த வேறுபாடு நான்கு வரி. ஓட்டை விழுவதும் அவசர மாற்று அறுவை தேவைப்படுவதும் நாட்டமைசின் பிரிவில் ஏறத்தாழ பாதிதான்.

புதியதே மேல் என்ற எண்ணத்துக்கு இது வலுவான மறுப்பு. அதன் பிறகு வந்த சோதனைகளும் இதே பக்கமே சேர்ந்தன. முற்றிய புண்ணுக்குச் சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் நடந்த அந்தச் சோதனை 2016இல் வெளிவந்தது. மொத்தத்தில் பலன் கூடவில்லை, பக்கவிளைவு கூடியது. ரைபோஃப்ளேவினும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழி நார்களை இறுக்கும் முறையை மதுரையில் 111 பேரிடம் சோதித்தபோது தொற்று குறையவில்லை, பார்வை சற்று மோசமானது என்று 2020இல் தெரிந்தது. நேபாளத்தில் மலிவான குளோர்ஹெக்சிடின் சொட்டை நாட்டமைசினோடு ஒப்பிட்ட 2022 ஆய்விலும் நாட்டமைசினே சிறந்தது. உலக சுகாதார அமைப்பு 2017இலேயே அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இச்சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் தெரிகின்றன. முற்றிய புண்ணைக் காப்பாற்ற இதுவரை முயன்ற கூடுதல் உத்திகள் பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. இருப்பதில் சிறந்த மருந்தோ மேலோட்டமான புண்ணில்தான் நன்றாக வேலை செய்கிறது. ஆகவே சீக்கிரம் தொடங்குவதைவிட மேலான புது மருந்து கைவசம் இல்லை.

சீக்கிரம் தொடங்கினாலும் மருத்துவம் எளிதல்ல. 2010 சோதனையில் முதல் வாரம் முழுவதும் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் சொட்டு விட வேண்டியிருந்தது. அடுத்த இரண்டு வாரம் இரண்டு மணிக்கொரு தரம். அன்றன்றைய கூலியில் அடுப்பு எரிகிற வீட்டில், அறுவடைக் காலத்தில், மூன்று வாரம் களத்துக்குப் போகாமல் இருப்பது என்றால் என்ன என்று யோசிக்க வேண்டும். பாதியில் சொட்டை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறவரை அறியாதவர் என்று ஏசுவது நியாயமில்லை. அவருக்குக் கூலி இழப்பீடு எங்கே என்று கேட்பதே நியாயம்.

மறுபக்கம், கையிலிருக்கும் மருந்தையும் இழக்கும் அபாயம் இருக்கிறது. பயிருக்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லிகளில் டெபுகோனசோல், புரோபிகோனசோல் போன்றவை மனிதருக்குத் தரும் வோரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகளின் உறவினர். வயலில் அவற்றுக்குப் பழகிய ஆஸ்பர்ஜில்லஸ் மருத்துவ அசோல்களுக்கும் மசிவதில்லை. ஐரோப்பாவில் முதலில் கண்ட இந்த எதிர்ப்பு இந்தியாவிலும் நோயாளிகளிடமும் சுற்றுப்புறத்திலும் இருப்பதை 2012இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது. நாட்டமைசின் வேறு வகை மருந்து என்பதால் இப்போதைக்குத் தப்பித்திருக்கிறது. 2022இல் உலக சுகாதார அமைப்பு முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் மிக உயர்ந்த பிரிவிலும், ஃபுசேரியமும் மைசீட்டோமா பூஞ்சைகளும் அடுத்த பிரிவிலும் இடம்பெற்றன. நம் காட்டில் இருப்பவை உலகப் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

ஊர் அளவில் தடுப்பு

கண்ணில் கீறல் விழுந்த உடனே ஏதாவது செய்தால் புண்ணே வராமல் தடுக்க முடியுமா? நேபாளத்தின் பக்தபூரில் உபாத்யாய் குழுவினர் இதைச் சோதித்து 2001இல் எழுதினார்கள். ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கீறல் பட்டவர்களுக்கு மூன்று நாள் குளோரம்ஃபெனிக்கால் களிம்பு போட வைத்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கியவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. தாமதமாக வந்தவர்களில் சிலருக்கு வந்தது.

தென்தமிழகத்தில் ஸ்ரீனிவாசனும் பிறரும் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே போனது. கருவிழிக் கீறலோடு வந்த 374 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பாக்டீரியாக் களிம்போடு பூஞ்சைக் களிம்பும், மறு பிரிவுக்குப் பாக்டீரியாக் களிம்போடு மருந்தில்லாக் களிம்பும் கொடுத்தார்கள். 98 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குச் சிக்கலின்றி ஆறியது. இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. 48 மணி நேரத்துக்குள் வந்தால் சாதாரணக் களிம்பே போதும் என்று தோன்றியது. கீறல் சீக்கிரம் மூடிக்கொண்டால் பூஞ்சைக்கு வாசல் இல்லை என்பது செல் உயிரியல் சொல்வதோடு பொருந்துகிறது.

இதற்கு எதிராக ஒரு முடிவும் உண்டு. நேபாளத்தில் ஊர் ஊராகப் பிரித்து மூன்று ஆண்டு நடந்த பெரிய சோதனையில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் களிம்பு கொடுத்த ஊர்களிலும் கொடுக்காத ஊர்களிலும் புண்ணின் அளவு ஒரே மாதிரிதான் இருந்தது என்று 2022இல் அறிவித்தார்கள். மருந்து வேலை செய்யவில்லை என்று இதைப் படிப்பது அவசரம். களிம்பு வாங்க வந்தவருக்கு ஆறியது. வராதவருக்கு எதுவும் மாறவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன். கீறல் பட்டும் பொருட்படுத்தாமல் போகிறவரைத் தேடிப் பிடிக்காத திட்டம், ஊர் முழுவதற்குமான கணக்கில் பலன் காட்டாது. களிம்புக்கு வராதவர் வேறு வழிகளை நாடும் ஆபத்தும் உண்டு. சொட்டு மருந்து கடையில் விலை கொடுத்தால் கிடைக்கும். ஸ்டீராய்டு கலந்த சொட்டு வீக்கத்தையும் சிவப்பையும் ஒரு நாளில் குறைத்துக் காட்டும். பூஞ்சையோ நியூட்ரோஃபில்களின் கை கட்டப்பட்ட அந்த வேளையில் ஆழமாக இறங்கிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு என்று கண்ணில் விடுவதும் நாவால் தூசி எடுப்பதும் புதுக் கிருமிகளைச் சேர்க்கும்.

கரிசல் வட்டாரத்தில் செய்ய வேண்டியது

அரவிந்தை 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரத்தை அடுத்த அயன்வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். இதே கரிசல்காட்டு வேளாண் குடும்பத்துப் பிள்ளை. அவர் தொடங்கிய நிறுவனத்தின் ஆய்வுகள் உலகின் மருத்துவ வழிகாட்டுதல்களை மாற்றின. அவர் பிறந்த வட்டாரத்துக் களத்துமேட்டில் கண்ணில் சுணை விழுந்த பெண்ணுக்கு அந்த அறிவு 48 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தேவையானவை எல்லாம் நாட்டில் இருப்பவைதான்.

முதலாவது, தை, மாசி அறுவடையிலும் ஆனி, ஆடிக் காற்றிலும் கதிரடிக்கும் இயந்திரத்தோடு பாதுகாப்புக் கண்ணாடியும் களத்துக்கு வர வேண்டும். இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறவரே கண்ணாடியையும் கொடுப்பது நடைமுறைக்கு எளிது. முள்ளுக்காட்டில் இறங்குகிறவருக்குக் காலணி அதே வரிசையில் வரும். 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் விதையையும் பருவத்தையும் பற்றிப் பேசும் விவசாயிகள் கூட்டங்களிலேயே இதையும் பேசலாம். பூஞ்சைக்கொல்லியை அளவறிந்து தெளிப்பதும் அங்கே பேச வேண்டிய பொருளே.

இரண்டாவது, கிராமச் சுகாதாரச் செவிலியர்களும், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்களும் வீடு வீடாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அறுவடை மாதங்களில் கண்ணில் ஏதாவது பட்டதா என்ற ஒரு கேள்வியை அவர்களிடம் சேர்த்துக்கொள்ளலாம். கீறல் என்றால் களிம்பு. மறுநாளும் வலி, கூச்சம், வெள்ளைப் புள்ளி என்றால் அன்றே மருத்துவமனை. நேபாளச் சோதனை தவறவிட்டவர்களைப் பிடிக்க இந்தத் தேடிப்போகும் முறையே வழி.

மூன்றாவது, கோவில்பட்டி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை அளவிலேனும் சுரண்டல் மாதிரியைப் பார்க்கும் நுண்ணோக்கி வசதியும் நாட்டமைசின் இருப்பும் ஆண்டு முழுவதும் உறுதியாக இருக்க வேண்டும். நுண்ணோக்கியில் பூஞ்சை தெரிந்த அன்றே முதல் சொட்டு விழுந்தாக வேண்டும். மருந்துச்சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு சொட்டு விற்பதைத் தடுக்கும் சட்டம் ஏற்கனவே உண்டு, அதை நடைமுறைப்படுத்துவதே மிச்சம். புண்ணோடு வரும் தொழிலாளிக்கு மருத்துவக் காலத்துக்கான கூலி ஈடு கிடைத்தால்தான் மணிக்கொரு சொட்டு என்ற விதி ஏட்டை விட்டு வீட்டுக்கு வரும்.

நான்காவது, கணக்கு. இன்றும் எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1993இன் மதுரைக் கணக்கைத்தான். அதன்பின் பயிர் மாறியிருக்கிறது. கைத்தூற்றலின் இடத்தில் இயந்திரம் வந்திருக்கிறது, கரிசலில் மக்காச்சோளம் பரவியிருக்கிறது. தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரிப் பகுதிக்கென்று ஒரு புதிய கணக்கெடுப்பு வேண்டும். அதோடு, இங்குள்ள ஃபுசேரியமும் ஆஸ்பர்ஜில்லஸும் எந்த மருந்துக்கு எவ்வளவு அடங்குகின்றன என்பதையும் தொடர்ந்து அளக்க வேண்டும்.

இந்நோயின் ஆய்வு வரலாறு ஒரு நல்ல பாடம் சொல்கிறது. ஏழை மக்களின் நோய்க்கும் உலகத்தரமான சோதனை நடத்த முடியும், அதை அந்த மக்கள் வாழும் ஊர்களிலேயே நடத்த முடியும், அதில் கிடைக்கும் விடை விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதை மதுரை நிரூபித்துவிட்டது. குளோரம்ஃபெனிக்கால் களிம்பு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு, நாட்டமைசின் குப்பி, ஒரு பாதுகாப்புக் கண்ணாடி: நான்குமே பழைய பொருட்கள். அவற்றைச் சரியான நாளில் சரியான ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அடுத்த ஆய்வாகவும் அடுத்த அரசுத் திட்டமாகவும் ஆக வேண்டும். வரும் தை அறுவடைக்கு முன்பே ஒரு வட்டாரத்தில் அதைத் தொடங்கிப் பார்க்க எந்தத் தடையும் இல்லை.